காரணம் கேட்கக் கூடாது

கேட்காமல் இருப்பது நம் நர்ஸம்மாவுக்குப் பிறவியிலேயே வராது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவருடைய சர்க்கரை அளவு, சம்பந்தி சண்டை, மாடிவீட்டு வாடகை எல்லாவற்றையும் கறந்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஓர் ஆராய்ச்சியில் போட்டு, "விலகுகிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது, வற்புறுத்தவும் கூடாது" என்று விதி வைத்தால் என்னதான் செய்வாள், பாவம்!

தையல் வேலை செய்கிறவர்களுக்கு வரும் மணிக்கட்டு வலி பற்றிய ஆராய்ச்சி அது. இருபத்துநாலு பேர், ஆளுக்கு எட்டு வாரம். வாராவாரம் நர்ஸம்மா ஒவ்வொருவர் கையையும் பிடித்து, மடக்கி நீட்டிப் பார்த்து, அளவு குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரம் ஓடிவிட்டது. இன்னும் இரண்டே வாரம், அது முடிந்த மறுநாளிலிருந்து லீவு. தங்கைக்குத் தலைப்பிரசவம், பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் தையலக்கா போன் செய்தாள்.

"நான் இனிமே வரலம்மா. விலகிக்கறேன்."

"ஏ..." என்று நுனிநாக்குவரை வந்ததை நர்ஸம்மா அப்படியே விழுங்கினாள். "சரிக்கா. ஒரு தாள்ல கையெழுத்து வேணும். நாளைக்கு நானே கொண்டு வரேன்."

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. "எட்டு வாரமும் முடிச்சவங்க இருபத்துநாலு பேர் வேணுமே. புதுசா ஒருத்தரைச் சேர்த்தா மறுபடியும் எட்டு வாரம். உன் லீவும் போச்சு. உனக்குப் பழகினவங்கதானே? தங்கச்சி விஷயத்தைச் சொல்லு, மனசு இளகிடும்."

இளகிவிடும், அதில் சந்தேகமே இல்லை. தையலக்கா அப்படிப்பட்டவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாயை மூடிக்கொண்டு மீதி இரண்டு வாரமும் கையை நீட்டுவாள். நர்ஸம்மாவுக்கு உறுத்தியதும் அதுதான். அப்புறம் விதி எதற்கு, வெங்காயம்?

மறுநாள் கடையில் தையலக்கா சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"இதுவரைக்கும் எடுத்த அளவையெல்லாம் வச்சுக்கலாமா, அழிச்சிடட்டுமாக்கா?"

"வச்சுக்கோ." கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். "அவ்வளவுதானா? ஏன்னு கேக்கலையே?"

"கேக்கக் கூடாதுக்கா."

"உனக்குத் தாங்குமா?"

"எங்க தாங்குது! ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

தையலக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அடிப்பாவி! நீ கேப்பேன்னு மூணு பொய் தயார் பண்ணி வச்சிருந்தேன். நெசத்தைச் சொல்லட்டுமா? பிடிக்கல. வாராவாரம் ஒருத்தர் என் கையைப் பிடிச்சுப் பாக்கறது பிடிக்கல, அவ்வளவுதான். வீட்ல இதெல்லாம் ஒரு காரணமான்னு கேப்பாங்க. பிடிக்கலங்கறதுக்காக ஒண்ணை விடறது எனக்கு இதுதான் மொத தடவை."

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நர்ஸம்மாவுக்கும் மனசு நிறைந்துவிட்டது.

"தங்கச்சிக்கு எப்போ?" என்றாள் தையலக்கா. பிரசவ விஷயம் அவளுக்கு முன்பே தெரியும், லீவு போனதுதான் தெரியாது.

"மாசக் கடைசிக்கா."

"பத்திரமா போய்ட்டு வா."

"சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நர்ஸம்மா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தாள். "பிரசவத்துக்கு வர முடியாதுடி. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வருவேன்."

"ஏன்?"

யார் விலகினார்கள், எதற்கு விலகினார்கள் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. "ஏன்னு கேக்காதடி."

"நீயா இதைச் சொல்றே? என் கல்யாணத்தப்போ மாப்பிள்ளையோட பல் டாக்டர் யாருன்னு கேட்டவ நீ!" தங்கை கொஞ்ச நேரம் அழுதாள், கொஞ்ச நேரம் திட்டினாள். நர்ஸம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அழவேண்டிய இடத்தில் அவளும் கொஞ்சம் அழுதாள்.

கடைசியில் தங்கை மூக்கை உறிஞ்சினாள். "சரி, போ. ஆனா வந்தா முழுசா ரெண்டு மாசம் இங்கதான் இருக்கணும். ஏன்னு கேக்கக் கூடாது."

நர்ஸம்மா கேட்கவில்லை.