சாவியால் தட்டியவர்

லிஃப்ட் பரிசோதகர் நாலு மணிக்கு அலாரம் வைத்திருந்தார். அது அடித்தபோது சட்டை, பாண்ட், காலுறை எல்லாம் மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்ததுதான் மிச்சம். விடுதி அறையின் மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று படுத்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்த பிறகு மனுஷனுக்குத் தூக்கம் எங்கே வரும்?

வீட்டில் மனைவியிடம், வெளியூரில் ஒரு பரிசோதனை என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அதில் தப்பொன்றும் இல்லை. லிஃப்டுக்குப் பதிலாக ஓர் ஆளைப் பரிசோதிக்கப் போகிறார், அவ்வளவுதான்.

அவருடைய ஒரே மகள் இந்த ஊரில் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். ஊரை ஒட்டிய காட்டுக்குள் ஏகப்பட்ட பழங்கோயில்கள் இருக்கின்றன. பூசை நின்று பல நூறு வருஷம் ஆகிறது, பார்க்க வருகிறவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். விடியற்காலையில் விருந்தினர்களைத் தனியாக அங்கே கூட்டிப் போவதற்கு அவள் போன் போட்டு ஒரு வழிகாட்டியைக் கூப்பிடுவாள். இரண்டு வருஷம் கூப்பிட்டுக் கூப்பிட்டு, போன மாதம் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை அவர் நம்ம வீட்டுக்கு வர்றார்பா. பாத்துட்டு அன்னைக்கே சரின்னோ வேண்டாம்னோ சொல்லிடுங்க. வேண்டாம்னா விட்டுடறேன், சண்டையெல்லாம் போட மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் வேற யாரையும் பாருன்னு என்கிட்ட சொல்லாதீங்க."

அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சண்டைக்குப் பதில் சொல்லிச் சமாளித்திருப்பார். இப்படி மொத்தப் பாரத்தையும் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, நின்றால் கை பாக்கெட்டில் இருக்கும் சாவிக்கொத்தை நோண்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. சோபா நுனியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது எவனும் உத்தமன்தான். ஆளில்லாமல் மேலும் கீழும் போகிற லிஃப்டைப் பார்த்துவிட்டு யாராவது சான்றிதழ் கொடுப்பார்களா? பாரம் ஏற்றிப் பார்த்தால்தானே தெரியும். அதனால் மச்சான் பெயரில், மச்சான் போனிலிருந்து, அந்த வழிகாட்டியையே ஒரு விடியற்காலைக்குப் பதிவு செய்துவிட்டார்.

வழிகாட்டி சொன்ன நேரத்துக்கு நாலு நிமிஷம் முன்னதாகவே வண்டியோடு வந்து நின்றான். ஒடிசலான ஆள், கழுத்தில் அரசாங்க அட்டை தொங்கியது.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?" என்றான், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

"வாத்தியார்."

"அப்படியா! என்ன பாடம் சார்?"

"கணக்கு" என்றார் பரிசோதகர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அந்தப் பேச்சை அதோடு கத்தரித்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். வண்டி சுத்தமாக இருந்தது. பிரேக் சரியாகப் பிடித்தது. வளைவில் வேகம் குறைத்தான். இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டார்ச் ஒண்ணுதான் இருக்கா? பேட்டரி தீந்துட்டா?"

வழிகாட்டி பையிலிருந்து இன்னொரு டார்ச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

இரண்டாவது டார்ச்சை வைத்திருப்பவனிடம் என்ன குறை சொல்வது? முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார், இருந்தது. பாம்பு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். "வழி விட்டுடுவேன் சார்" என்றான். இவர் சிரிப்பை அடக்குவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

நுழைவாயிலில் டார்ச்சை ஓர் அறிவிப்புப் பலகைமேல் அடித்துக் காட்டினான். "ஒரே ஒரு விஷயம் சார். உள்ள எந்தக் கல்லையும் தொடாதீங்க. வெளியில பாக்க மலை மாதிரி நிக்கும், ஆனா மேல்தோலு பொரிஞ்சு போயிருக்கு. வர்றவங்க தொட்டா எங்க அட்டையைத்தான் பிடுங்குவாங்க."

"சரி சரி" என்றார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் எச்சரிக்கைப் பலகை மாட்டுகிறவர் அவர், அவருக்கே பாடமா?

இருட்டில் நடந்தார்கள். வௌவால் நாற்றமும் ஈரப் புல் வாடையும் கலந்து வந்தன. குளக்கரையில் இருபது முப்பது பேர் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சூரியனுக்காகக் காத்திருந்தார்கள். வழிகாட்டி அவர்களைத் தாண்டி, பின்னால் இருந்த ஒரு சின்னக் கோயிலுக்கு அவரைக் கூட்டிப்போனான். கிழக்குக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்க்க நிற்கச் சொன்னான்.

"சூரியனை எங்க வேணும்னாலும் பாக்கலாம் சார். இந்தச் சுவத்துல வெளிச்சம் மேலேருந்து கீழ எறங்கும். மொதல்ல ஆடறவங்க தலை தெரியும், அப்புறம் கை, கடைசியிலதான் கால். கால் தெரியற வரைக்கும் அவங்க ஆடறாங்களா சும்மா நிக்கறாங்களான்னு சொல்ல முடியாது. கல்லை மட்டும் தொட்டுடாதீங்க."

மனப்பாடம், என்று பரிசோதகர் மனதுக்குள் ஒரு குறை எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டாரே தவிர, அவருக்கும் அந்தக் கால்களைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்றான். கால் மணி நேரம் சும்மா நிற்பதென்றால் அவருக்கு ஜெயில் தண்டனை. பெண்ணுக்கு என்ன சொல்வது, ஒரு குறையும் அகப்படவில்லை என்றா? குறையே தெரியாத லிஃப்டைத்தான் அவர் அதிகமாகச் சந்தேகப்படுவார். இப்படியும் அப்படியும் நாலு எட்டு நடந்தார். சாவிக்கொத்து கைக்கு வந்தது.

"அந்த வாசக்கால் பக்கம் போகாதீங்க சார், கல்லுல கை பட்டுடும்" என்றான் வழிகாட்டி. அது மூன்றாவது தடவை.

லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கினால் பரிசோதகர் முதலில் செய்வது ஒன்றுதான். சுவரில் இரும்புத் தாங்கி பதித்த இடத்தைச் சாவியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். உள்ளே பொள்ளலாக இருந்தால் சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். யாரும் சொல்லாமல், யோசிக்காமல், கை தானாகச் செய்கிற வேலை அது. வாசக்கால் கல் லேசாகச் சாய்ந்திருப்பது டார்ச் வெளிச்சத்தில் அவர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

டொக், டொக்.

காதை வைப்பதற்குள், நகத்தளவு ஒரு சில்லு பெயர்ந்து அவர் செருப்பின் மேல் விழுந்தது. எங்கிருந்தோ விசில் அடித்தது.

காவலர் ஓடி வந்தார். சில்லைக் காகிதத்தில் பொறுக்கி மடித்துக்கொண்டு, பரிசோதகரை ஏறெடுத்தும் பார்க்காமல் வழிகாட்டியிடம் கையை நீட்டினார். "அட்டையைக் கழட்டு."

"அண்ணே, நான் மூணு தடவை..."

"கழட்டுன்னேன்ல. மூணு மாசம். ஆபீசுக்கு வா, எழுதணும்."

காவலர் அறை வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. காவலர் உள்ளே பதிவேட்டைத் தேட, இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். வெறும் கழுத்தோடு உட்கார்ந்திருந்த வழிகாட்டி கொட்டித் தீர்த்துவிட்டான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்! பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறவர்தானே நீங்க? கேக்க மாட்டீங்களா? உங்களுக்கு என்ன, கையை உதறிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நான் ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நிக்கணும் சார். பொண்ணு கேட்டு. அவரு சாதாரண ஆளு இல்ல, குறை கண்டுபிடிக்கறதே தொழிலா இருக்கறவரு. தம்பி என்ன பண்றீங்கன்னு கேட்டா, வேலையில்லாம வீட்டுல இருக்கேன்னு சொல்லவா? அவ எவ்வளவு நம்பிக்கையா இருக்கா தெரியுமா உங்களுக்கு?"

பரிசோதகருக்கு முகம் சுட்டது. இருட்டு இன்னும் முழுக்க விலகாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார்.

பிறகு அவருக்கு வந்த நினைப்பு அவ்வளவு நல்லதில்லை. வாயை மூடிக்கொண்டு இப்படியே பஸ் ஏறிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை இவன் வந்து நிற்பான், அட்டை இருக்காது. வேலையில்லாதவனுக்கு எப்படியம்மா உன்னைக் கொடுப்பது என்று சொன்னால் ஊர் உலகத்தில் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. மகளும் சண்டை போட மாட்டாள். போட மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாளே. தேடிக்கொண்டு வந்த குறை கையில் கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் செய்து வைத்தவரே அவர்தான்.

விருட்டென்று எழுந்து உள்ளே போனார்.

"தப்பு என்னோடது. தொடாதீங்கன்னு அவர் மூணு தடவை சொன்னார், நான் கேக்கல. அட்டையை அவர்கிட்டக் குடுத்துடுங்க."

காவலர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "வாயால எல்லாரும் சொல்லுவாங்க சார். எழுதிக் குடுப்பீங்களா? குடுத்தா உங்க பேரு வாசல் பலகையில ஏறும். ஆயுசுக்கும் இந்தப் பக்கம் நுழைய முடியாது."

"குடுங்க."

ஒரு தாள் வந்தது. வழிகாட்டியும் உள்ளே வந்து சுவரோரமாக நின்றான். அடையாள அட்டையைப் பார்த்து எழுத வேண்டும் என்பதால் மச்சான் பெயர் இங்கே உதவாது. சொந்தப் பெயரை எழுதினார். வயது எழுதினார். தொழில் என்ற இடத்தில் பேனா ஒரு விநாடி நின்றது. அதையும் எழுதினார்.

காவலர் தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார். பெயரைப் படித்தார். "லிஃப்ட் பரிசோதகரா? வாத்தியார்னுல்ல இவன் வெளியில கத்திட்டிருந்தான்?"

சுவரோரம் நின்றவன் நிமிர்ந்தான். பரிசோதகர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே, அவனுடைய கண் தன் பிடரியில் குத்துவது தெரிந்தது.

"கடைசிக் கட்டத்தை விட்டுட்டீங்களே" என்று காவலர் தாளைத் திருப்பித் தள்ளினார். "வழிகாட்டிக்கு உறவினரா, ஆமா, இல்லை. ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க. உறவுன்னா இந்தத் தாள் செல்லாது, மேல ஆபீசுக்குப் போயிடும். முன்னாடியெல்லாம் இவனுங்க மாமன் மச்சானைக் கூட்டிட்டு வந்து எழுதிக் குடுக்க வெச்சே தப்பிச்சானுங்க, அதனால போட்ட சட்டம்."

காவலர் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "என்ன சார் யோசனை? உறவு உண்டா, இல்லையா?"

"இல்லை" என்றார் பரிசோதகர். 'இல்லை'யில் டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார்.

காவலர் முத்திரையைக் குத்திவிட்டு அட்டையை எடுத்து நீட்டினார். வழிகாட்டி வாங்கிக்கொண்டான். கழுத்தில் மாட்டிக்கொள்ளவில்லை, கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டான்.

வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. குளக்கரைக் கூட்டம் கேமராவை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. சுவரில் ஆடுகிறவர்களின் கால்களை வெளிச்சம் எப்போதோ தாண்டிப் போயிருக்கும், அவர் அதை இனி ஆயுசுக்கும் பார்க்கப் போவதில்லை. வழிகாட்டி நாலடி முன்னால் நடந்தான். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. "வண்டி இந்தப் பக்கம் சார்" என்று மட்டும் சொன்னான்.

"தம்பி, நில்லுங்க."

நின்றான். திரும்பியவன் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று பரிசோதகருக்குத் தோன்றியது.

"நீங்க யாருன்னு தெரியாம என்னென்னமோ பேசிட்டேன் சார். மன்னிச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை நான் வரல. அவகிட்ட நானே சொல்லிடறேன், உங்களுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம்."

"எதுக்கு வரல?"

"அதான் உள்ள எழுதிட்டீங்களே சார். உறவு இல்லைன்னு."

பரிசோதகர் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு பாக்கெட்டிலும் விட்டு எடுத்தார்.

"ஆமான்னு எழுதியிருந்தா உங்க அட்டை திரும்பி வந்திருக்குமா?" என்றார். "முப்பத்தொரு வருஷமா ரிப்போர்ட் எழுதறேன். பொய்னு தெரிஞ்சு ஒரு தாள்லகூடக் கையெழுத்துப் போட்டதில்ல. இன்னைக்குத்தான் போட்டேன், மாப்பிள்ள."