இடது கண்

மதிய வழிபாட்டின் உச்சிப்படிப்பு முடிந்து எல்லோரும் தரையில் விழுந்து கும்பிட்டபோது, சுயம்புலிங்கம் நின்றபடியே எதிரே சிலைக்குப் பதிலாக இருந்த நிலைக்கண்ணாடியைப் பார்த்தார். தலைப்பாகை, நாமம், சட்டையில்லாத மார்பு. இடது கண் உலர்ந்திருந்தது. இப்படி இது ஏழாவது ஞாயிறு.

ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே உள்ள அந்த நிழல்தாங்கல் கோயிலில் அவர்தான் தெய்வமான அய்யாவுக்குப் பணிவிடை செய்கிறவர். பத்தொன்பது வருடமாக ஒற்றைத்தலைவலி. படிப்பு பாதியைத் தாண்டும்போது தலைப்பாகையின் இறுக்கத்தில் நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பிக்கும். இடது கண்ணில் மட்டும் நீர் வழியும். பின்னால் நிற்பவர்கள் அதைக் கண்ணாடியில் பார்த்தார்கள். அய்யா இவருக்குள் இருந்து அழுகிறார் என்று யாரோ சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. சில வருடங்களில் அவரே அதை நம்பினார். தலைப்பாகையைத் தளர்த்திக் கட்டலாம் என்று தோன்றியதுண்டு. கட்டவில்லை.

வலியின் உச்சத்தில் ஊரும் வீடும் அழிந்துபோகும். அய்யா என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சும். இதை எடுத்துக்கொள்ளும் என்று அந்தச் சொல்லிடம் கெஞ்சுவார். சித்திரைக் கடைசியில் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தவரை, மனைவி ஞானம் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். தினம் ஒரு மாத்திரை. வலி நின்றது. இப்போது கெஞ்ச ஒன்றுமில்லை. கண்ணாடியில் முகம் இருந்தது. அவ்வளவுதான்.

"தலவலி போனா மூஞ்சி தெளியும்னு பாத்தேன்" என்றாள் ஞானம், காலையில் அவர் கிளம்பும்போது. "எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தது மாதிரில்லா இரிக்கீங்க."

நாமம் வாங்க வந்தவர்களில் தங்கபாய் கடைசியாக நின்றாள். முந்திரி ஆலைக்குக் கொட்டை உடைக்கப் போகிறவள். அவளுக்கும் பாதித் தலைதான் வலி. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று மாசியில் அவரிடம்தான் கேட்டாள். நாம மண்ணும் தாங்கல் கிணற்றுத் தண்ணீரும் போதும் என்று சொல்லியிருந்தார்.

"கொறஞ்சுதா?"

"எங்க? வெள்ளிக்கிழம பூரா கதவ அடச்சிட்டுக் கெடந்தேன். நீங்க இப்பம் அழுவல்ல அண்ணாச்சி. அதாக்கும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நீங்க அழுத அன்னைக்கு இட்ட நாமத்துலதான் நாலு நாளு நிம்மதியா இருந்தேன். நான் என்னமும் தப்பு செஞ்சுட்டேனா? அய்யா எனக்க மேல கோவிச்சிட்டாரா?"

அவர் நாமக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அது அழுக இல்ல, தங்கச்சி. ஒனக்கு உள்ள அதே வலிதான் எனக்கும். அதுல கண்ணு ஒழுகுனது. நாகர்கோயில்ல காட்டி மாத்திர திங்கேன். நின்னுபோச்சு."

தங்கபாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பம் இருந்து?"

"ரெண்டு மாசமாட்டு."

"அப்பம் எனக்கு மண்ணு. ஒமக்கு மாத்திர."

அதுவரை 'நீங்க' என்றுதான் பேசியிருந்தாள். அவள் போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை.

"டாக்டருக்க பேரு என்னது?"

சொன்னார்.

"தாள்ல எழுதித் தாரும்."

பேனா தேடி எழுந்தார்.

"அத பொறவு எழுதுனா மதி. மொதல்ல நாமத்த இடும்."

"இனியும் எங்கிட்ட இருந்து எதுக்கு?"

"ஒம்மகிட்ட இருந்தா வாங்குகேன்?"

கிண்ணத்தை எடுத்தார். மண் இறுகியிருந்தது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். தங்கபாய் கண்களை மூடி முகத்தை நிமிர்த்தினாள். புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி இழுத்தார். வெயிலில் நடந்து வந்த நெற்றி விரலுக்கு அடியில் சூடாக இருந்தது. ஈர மண் ஓரங்களில் காய்ந்து, மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது.