மாப்பிள்ளையின் டிரைவிங் ரெக்கார்டு

பாலையாவுக்கு ரோட்டில் வண்டி ஓட்டுகிற எவனையும் பிடிக்காது. முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டி, ஒரு கீறல்கூட விழாமல் சித்தூர் டிப்போவில் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தவர். ஆட்டோக்காரர்களை அவர் டிரைவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. திருப்பதியில் டாக்ஸி ஓட்டுகிறவர்களைப் பற்றி அவர் சொல்லும் வார்த்தைகளை மனைவி மணியம்மா வீட்டுக்குள் சொல்ல விடுவதில்லை.

அந்தப் பாலையாவின் ஒரே மகள் சந்தியா, திருப்பதியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், கட்டினால் திருச்சானூர் டாக்ஸி டிரைவர் ஹரிபாபுவைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றாள்.

அவர் சத்தம் போடவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்:

"ஜாதகம்லாம் வேணாம். ஆர்டிஓ ஆபீஸ்ல அவன் டிரைவிங் ரெக்கார்டு கீதில்ல, அத்த எடுத்தாரச் சொல்லு. பாத்துட்டு பேசலாம்."

டாக்ஸி ஓட்டுகிறவனுடைய ரெக்கார்டு சுத்தமாக இருக்கவே முடியாது என்பது அவர் நம்பிக்கை. குரலை உயர்த்தாமலே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஹரிபாபு மறுநாளே வேலையில் இறங்கினான். பத்மாவதித் தாயார் தரிசனத்துக்குப் போன பயணிகள் திரும்புவதற்குள், காரில் உட்கார்ந்தபடியே போக்குவரத்துத் துறையின் இணையதளத்துக்குள் போய், லைசன்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் கொடுத்து, லைசன்ஸ் விவரத்துக்கான நகல் வேண்டும் என்று விண்ணப்பம் போட்டான். போனுக்கு வந்த ஓடிபியைத் தட்டி, கட்டணத்தையும் கட்டி, ரசீதைச் சந்தியாவுக்கு அனுப்பிவைத்தான்.

பாலையா அந்த ரசீதைப் பார்த்துச் சிரித்தார். வரிசையில் நிற்காமல், சீட்டை விட்டு எழுந்திருக்காமல் கிடைக்கிற காகிதத்தை எந்த மடையன் நம்புவான் என்று கேட்டார். லைசன்ஸ் கொடுத்தது சித்தூர் ஆபீஸ்தானே. அங்கேயே வந்து, தன் கண்ணெதிரில் சீல் குத்தி வாங்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை காலை பஸ் பிடித்து ஹரிபாபு சித்தூர் வந்து இறங்கினான். ஸ்கூட்டரோடு காத்திருந்த பாலையா, தான் ஓட்டட்டுமா என்று கேட்டவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறச் சொன்னார். ஆபீஸ் போய்ச் சேரும்வரை எதிரே வந்தவன், பக்கத்தில் வந்தவன், ஓரமாக நின்றிருந்தவன் என்று எல்லோருடைய தப்பையும் சொல்லிக்கொண்டே ஓட்டினார். வாசலில் புரோக்கர் ஒருவன் தெலுங்கில் என்ன வேலை பெரியவரே என்று நெருங்கினான். அவர் பார்த்த பார்வையில் அவன் அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டான்.

கவுண்டரில் கன்னிகா என்ற கிளார்க்கம்மா இருந்தார். ரசீதையும் லைசன்ஸையும் ஆதாரையும் வாங்கிப் பார்த்து, நகலை எடுத்து, கையெழுத்துக்கு உள்ளே அனுப்பி, சீலுடன் நீட்டினார். ஹரிபாபு கை நீட்டுவதற்குள் பாலையா வாங்கிக்கொண்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவருக்கு முகம் மலர்ந்தது. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் மூன்று மாதம் லைசன்ஸ் ரத்து என்று போட்டிருந்தது.

"இன்னாடா இது?"

"ரேணிகுண்டா ரோட்டுல போன் பேசிக்கினே சிக்னல தாண்டிட்டேன் மாமா. புடிச்சிட்டாங்க. தப்பு என்னுதுதான்."

சாக்குச் சொல்வான், அதையும் பிடித்துக் கிழிக்கலாம் என்று காத்திருந்தவருக்கு அது சப்பென்று ஆகிவிட்டது. மாமா என்று கூப்பிட்டது வேறு எரிச்சல். அந்த மூன்று மாதம் சோற்றுக்கு என்ன செய்தாய் என்று கேட்டார். திருச்சானூரில் ஒரு டிபன் கடையில் இலை எடுத்தேன், சந்தியாவுக்கும் அது தெரியும் என்றான் ஹரிபாபு.

"ரெக்கார்டுன்னா எப்படி இருக்கணும்னு நீ பாத்ததே இல்ல. இரு, காட்டறேன்" என்றவர், சட்டைப் பையிலிருந்து தன் லைசன்ஸை எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் புத்தம் புதிதாக இருந்தது. தன்னுடையதற்கும் நகல் வேண்டும் என்று கன்னிகாவிடம் சொன்னார். அதற்கும் விண்ணப்பம் போட வேண்டும் என்றார் அவர். பெஞ்சில் உட்கார்ந்து ஹரிபாபுவே தன் போனில் போட்டான். ஓடிபி பாலையாவின் பட்டன் போனுக்கு வந்தது, அதை ஒவ்வொரு எண்ணாக, பஸ் ஸ்டாண்டில் ஊர் பேர் கூவுகிற மாதிரி அவர் உரக்கப் படித்தார்.

கன்னிகா கம்ப்யூட்டரைப் பார்த்தார். அப்புறம் பாலையாவைப் பார்த்தார்.

"ஆக்சிடென்ட் ஒண்ணும் இல்ல, கேஸும் இல்ல. லைசன்ஸும் இல்ல பெரியவரே. முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு."

ரிடையரான பிறகு அவர் லைசன்ஸில் அந்தத் தேதியைப் பார்த்ததே இல்லை. எந்தப் போலீஸ்காரரும் அவரை நிறுத்திக் கேட்டதும் இல்லை. புதுப்பிக்க எவ்வளவு நேரமாகும் என்று மிடுக்கோடுதான் கேட்டார். ஒரு வருஷம் தாண்டிவிட்டதால் மருத்துவச் சான்றிதழ் வாங்கி, எல்எல்ஆர் போட்டு, டெஸ்ட்டும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார் கன்னிகா.

"எனக்கு டெஸ்ட்டு வெக்கறவன் இன்னும் பொறக்கல" என்றார் பாலையா. அதற்குள் கன்னிகா அடுத்த ஆளின் ரசீதை வாங்கிவிட்டார்.

வெளியே வந்ததும் ஹரிபாபு ஸ்கூட்டர் சாவிக்காகக் கை நீட்டினான். பாலையா தெருமுனையில் நின்ற ஆட்டோக்களைப் பார்த்தார். அவற்றில் ஏறுவதைவிட இவன் பின்னால் உட்காருவது பரவாயில்லை என்று முடிவு செய்து சாவியைக் கொடுத்தார். வழி நெடுக அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தப்புத் தேடினார். வீடு வரும்வரை ஒன்றும் அகப்படவில்லை. மெதுவாக ஓட்டுகிறான் என்று மட்டும் மணியம்மாவிடம் குறை சொன்னார்.

அன்றைக்கு லீவு போட்டு வீட்டிலிருந்த சந்தியா இரண்டு காகிதங்களையும் வாங்கிப் படித்தாள். அப்பாவின் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"கல்யாணத்துக்கு இப்ப இன்னா சொல்ற நைனா?"

"பண்ணிக்கோ. ஆனா என் லைசன்ஸு கைக்கு வந்தப்புறம்தான். லைசன்ஸு இல்லாதவனா இவன்கூட மணமேடையில நா நிக்க மாட்டேன்."

ஆவணியில் வைக்கலாம் என்றிருந்த முகூர்த்தம் அதனால் தள்ளிப்போனது. எட்டுப் போடுகிற டெஸ்ட்டில் பாலையா முதல் தடவை காலை ஊன்றிவிட்டார். பாதை போட்டவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று இன்ஸ்பெக்டரிடமே சொல்லி, இரண்டாம் தடவைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹரிபாபு திருப்பதியிலிருந்து வந்து, காலியான மைதானம் ஒன்றில் சுண்ணாம்பால் எட்டுப் போட்டுக் கொடுத்தான். கோடு கோணலாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டே அவர் அதில் ஓட்டிப் பழகினார். ஐப்பசியில் லைசன்ஸ் வந்தது. கார்த்திகையில் கல்யாணம் நடந்தது.