உண்ணிச்செடி ஏறிய நிலம்

மொய்து ராவுத்தரின் நாலு ஏக்கருக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று தடை வந்தபோது, சென்னியப்பன் அதை அடுத்தவன் வீட்டுச் சங்கதியாகத்தான் எடுத்துக்கொண்டான். எழுபத்திரண்டாம் வருசம், ஆடி மாதம். பொண்டாட்டி பழனாத்தாளோடு அவன் நிலக்கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தான். சின்னையன் வரப்பில் வந்து நின்றான்.

"ஸ்டே போட்டுட்டாங்கண்ணா. கேஸ் முடியற வரைக்கும் ராவுத்தரும் உழக்கூடாது, நானும் உழக்கூடாது."

"எத்தன நாளைக்காமா?"

"வக்கீலு ஆறு மாசம்ங்கறாரு."

"ஆறு மாசந்தான? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயிரும், போ."

கொல்லங்கோட்டுக்குத் தெற்கே, தென்மலை அடிவாரத்தில் இருந்தது அந்த நிலம். சின்னையனுடைய அப்பன் காலத்திலிருந்தே அவர்கள்தான் அதைக் குத்தகைப் பாட்டத்துக்கு உழுதுவந்தார்கள். பிறகு நிலத்துக்காரர்கள் அதைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த மொய்து ராவுத்தருக்கு விற்றுவிட்டார்கள். உழுகிறவனுக்கே நிலம் என்று சட்டம் வந்ததும் சின்னையன் நிலத்தைத் தன் பேருக்கு மாற்றிப் பட்டயம் கேட்டு மனுப் போட்டான். அவன் என்னிடம் கூலிக்கு வந்தவன், பாட்டக்காரன் இல்லை என்றார் ராவுத்தர். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. சின்னையனுக்கு மூன்று பெண்பிள்ளைகள், வேறு ஒரு சாண் நிலம் கிடையாது. ராவுத்தரோ பாடுபட்டுச் சேர்த்ததையெல்லாம் அந்த மண்ணில் போட்டிருந்தார்.

அந்த நிலத்தை ஒட்டிக் கிழக்கே சென்னியப்பனின் மூன்று ஏக்கர். மேற்குக் கடைசியில் அவனுடைய கிணறு. ஐம்பத்தெட்டில் பாறையைப் பிளந்து அதை வெட்டியபோது சின்னையன்தான் எட்டு மாதம் கூடவே நின்று உளி பிடித்தான். வெடி வைத்த அதிர்வில் இரண்டு நிலத்துக்கும் நடுவிலிருந்த எல்லைக்கல் ஒருமுறை சாய்ந்துவிட்டது. கிணற்று மேட்டிலிருந்து மேற்கே பன்னிரண்டு தப்படி அளந்து, இருவரும் அதைத் திரும்ப நட்டு மண்ணைக் கெட்டித்தார்கள்.

ஆறு மாதம் ஒரு வருசமாயிற்று. ஏர் படாத நிலத்தில் முதலில் கோரை வந்தது, அப்புறம் உண்ணிச்செடி. மலைச்சரிவில் பழம் தின்ற கொண்டைக்குருவிகள் வந்து விதையைப் போட்டுவிட்டுப் போயின. சின்னச் சின்னப் பூ, மஞ்சளும் ரோஸுமாக. பழனாத்தாள் கூட ஒருநாள், "பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள். அடுத்த மழைக்கு அது ஆள் உயரம் நின்றது. தண்டெல்லாம் முள். இலையைக் கசக்கினால் தலைவலிக்கிற ஒரு நெடி. கிளை மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விட்டு எழுந்தது. எழுபத்து நாலு தையில் எல்லைக்கல் கண்ணுக்குத் தெரியவில்லை. பகலெல்லாம் புதருக்குள் படுத்திருந்த காட்டுப்பன்றிகள் பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து கடலைக்காட்டைக் கிளறிப்போட்டன.

சென்னியப்பன் துணிக்கடைக்குப் போனான். மொய்து ராவுத்தர் எழுந்து நின்று வரவேற்றார், டீ வாங்கிவரச் சொன்னார்.

"என்ற கையக் கட்டிப் போட்டிருக்காங்க, சென்னியப்பண்ணா. நான் ஆளு விட்டு வெட்டுனா நெலம் என்ற கைவசம் இருக்குதுன்னு காட்டறேம்பான் சின்னையன். நாளைக்கே பெட்டிசன் போயிரும்."

"அப்ப நானே வெட்டிக்கறனுங்க. கூலி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"நீங்க வெட்டுனா நான் சொல்லித்தான் வெட்டுனீங்கன்னு ஆயிரும்."

சின்னையனிடம் கேட்டால், அவன் இதையே திருப்பிச் சொன்னான். "நீங்க எனக்காக வெட்டறீங்கன்னு ராவுத்தரோட வக்கீலு எழுதிருவாருண்ணா. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"என்ற காட்டுக்குள்ள வந்ததையாவது வெட்டட்டுமா?"

"எது உங்க காடு, எது அந்தக் காடுன்னு இப்ப யாருக்குத் தெரியுது?" என்றான் சின்னையன். குரலில் சண்டை இல்லை. வக்கீல் வீட்டில் கேட்டதை அப்படியே ஒப்பித்த மாதிரி இருந்தது. ஆனாலும் அந்தச் சொல் சென்னியப்பனின் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து அவன் சின்னையன் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினான்.

அரிவாளை எடுத்துக்கொண்டு நாலு நாள் வெட்டினான். ஐந்தாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் புகார் வந்திருந்தது. அளந்து கல் நடுகிற வரை புதரில் யாரும் கத்தி வைக்கக் கூடாது என்று சொல்லி, ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். கிணற்றுக்குப் போக, இறைக்கிற மாடு நடக்கிற தடத்தை மட்டும் விட்டுவைக்கலாம் என்றார்.

அடுத்த வருசம் மழை பொய்த்தது. அடிவாரம் முழுக்கப் புல் கருகிப்போய், பச்சை என்று எஞ்சியது உண்ணிப்புதர் ஒன்றுதான். சென்னியப்பனிடம் ஒரு ஜோடி எருது இருந்தது, மயிலையும் செவலையும். பழனாத்தாள் அவற்றைப் புதர்ப்பக்கம் விடாமல்தான் பார்த்துக்கொண்டாள். பங்குனியில் அவள் காய்ச்சலாகப் படுத்த இரண்டு நாளில் மயிலை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய் வயிறு நிறைய மேய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் அது வெயிலுக்கு வர மறுத்தது. மர நிழலைவிட்டு இழுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளாடியது. கண் மஞ்சளாக இருந்தது. மூக்கின் மேல் தோல் வெடித்து உரிந்தது. மிருகாஸ்பத்திரி டாக்டர் நடந்தே வந்து பார்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உண்ணிய நெறையத் தின்னிருக்குது. ஈரல் கெட்டுப்போச்சு. மருந்து தர்றேன். ஆனா ரொம்ப நம்பியிராதீங்க."

ஒன்பது நாள் கிடந்தது. பழனாத்தாள் ஈரச் சாக்கை அதன் முதுகில் போட்டு, பொழுது விழும்வரை விசிறிக்கொண்டே இருந்தாள். கடைசி நாள் அது தலையை அவள் மடியில் வைக்கப் பார்த்து, முடியாமல் தரையிலேயே போட்டது. குழி வெட்ட யாரையும் கூப்பிடவில்லை சென்னியப்பன். கடப்பாரைச் சத்தம் கேட்டுச் சின்னையன் தானாக வந்தான், மண்வெட்டியோடு. சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ வேண்டாம். போயிரு."

சின்னையன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.

எழுபத்தாறு மாசியில் ஒருவழியாக அளக்க ஆள் வந்தது. அந்த முறை சென்னியப்பன் கிணற்றை நம்பி ஒன்றரை ஏக்கர் கடலை போட்டிருந்தான். தெரிந்தவர்களிடம் ஓர் எருதை இரவல் வாங்கி, செவலையோடு கமலையில் பூட்டித் தண்ணீர் இறைத்தான். கடலை பூத்து நின்றது. புதர் கிணற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தாலும், கல் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான். சர்வேயர் வருகிற அன்று குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தான்.

சர்வேயர் வடக்கேயிருந்து வந்த மலையாளி, நடுவயதுக்காரர். புதரைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. அளவுச் சங்கிலி பிடிக்க அவரோடு வந்த சங்கிலிக்காரன் நாலடி நுழைந்துவிட்டு, கையெல்லாம் கீறலோடு வெளியே வந்தான்.

"கல்லு எவிடெ?" என்று கேட்டார் சர்வேயர்.

"உள்ள இருக்குதுங்க. கெணத்து மேட்டுலருந்து பன்னண்டு தப்படி."

"நீங்க சொன்னா போதாது. வேற யாருக்குத் தெரியும்?"

"இதா, சின்னையனுக்குத் தெரியுங்க. நாங்க ரெண்டு பேருந்தான் நட்டோம்."

எல்லோரும் சின்னையனைப் பார்த்தார்கள். அவன் பக்கத்தில் அவனுடைய வக்கீல் நின்றிருந்தார். எதிர்ப்பக்கம் குடையை மடக்கிப் பிடித்தபடி மொய்து ராவுத்தர். கல் அந்த இடத்தில்தான் என்றால், கேஸில் இருக்கிற நிலம் மேற்கே ஒதுங்கும், சின்னையன் கேட்கிற அளவு குறையும். கிணறும் கணக்கில் வராது. சின்னையன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி நின்றான்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றான்.

சென்னியப்பன் மேல்துண்டை எடுத்துப் பழனாத்தாளிடம் கொடுத்துவிட்டு, முழங்காலில் இறங்கிப் புதருக்குள் நுழைந்தான்.

"ஏனுங்க, வேண்டாமுங்க! கத்திகூட இல்லாம எங்க போறீங்க?" என்று அவள் கத்தியது கேட்டது. பன்றிகள் போட்ட தடத்தில் ஊர்ந்தான். முள் முதுகில் கோடு கிழித்துக்கொண்டே வந்தது. ஒரு கிளை காதைப் பிடித்து இழுத்தது. எத்தனை தப்படி என்று கணக்குத் தவறிவிட்டது, ஊர்கிறவனுக்குத் தப்படி ஏது? கையால் மண்ணைத் தடவித் தடவிப் போனான். உள்ளே இருட்டாக, அந்த நெடியோடு, மூச்சு முட்டிற்று. கடைசியில் உள்ளங்கைக்குச் சில்லென்று கல் தட்டுப்பட்டது.

அது படுத்துக் கிடந்தது. பன்றிகள் கிழங்குக்காகத் தோண்டிய பள்ளம் ஒன்றின் ஓரத்தில், சரிந்து, பாதி மண்ணுக்குள். நட்ட குழி எது, பன்றி தோண்டிய குழி எது என்று அவனுக்கே தெரியவில்லை. மேலே கொத்தியிருந்த கோட்டை விரலால் தடவினான். அதே கல்தான்.

"இருக்குதுங்க! கல்லு இருக்குதுங்க!" என்று உள்ளேயிருந்து கூவினான்.

சங்கிலிக்காரன் இரண்டாம் முறை ஊர்ந்து வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னான். சென்னியப்பன் வெளியே வந்தபோது சர்வேயர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நட்டு நிக்கற கல்லுன்னா அது தெளிவு. பெயர்ந்து கெடக்கற கல்ல வெச்சு நான் எதையும் எழுத முடியாது. எங்கிருந்து உருண்டு வந்துதுன்னு யாரு சாட்சி சொல்றது?"

சாட்சி சொல்ல ஒருவன் அங்கேயே நின்றிருந்தான். சர்வேயர் புதரின் ஓரத்தையே இப்போதைக்கு எல்லையாக எழுதிக்கொண்டார். கேஸ் முடியும்போது யாராவது ஆட்சேபம் சொன்னால் மறுபடி அளக்கலாம் என்றார். கிணறு புதருக்குள் இருந்தது. அதனால் கிணறும் தடைக்குள் போயிற்று.

அன்று பழனாத்தாள் அவன் முதுகிலிருந்து முள் எடுத்தாள். நெடுநேரம் எடுத்தாள். அவன் ஒருதரம்கூட ஸ் என்று சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கமலையைக் கழற்றச் சொல்லி ஆள் வந்தது. பழனாத்தாள் ஒரு வாரம் குடத்தில் மொண்டு மொண்டு செடிக்கு ஊற்றினாள். ஒன்றரை ஏக்கருக்குக் குடம் எம்மாத்திரம்? அதற்கும் யாரோ எழுதிப்போட, பழைய போலீஸ்காரரே வந்து, "நான் என்ன பண்ணட்டும், அம்மா" என்றார். காய் பிடிக்க விழுது மண்ணில் இறங்குகிற சமயத்தில் கடலை வாடியது. இலை சுருண்டு, பிறகு பழுத்து, பங்குனிக் கடைசியில் காலால் தட்டினால் ஒடிந்தது. சென்னியப்பன் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தான். தூரில் நூல்போல நாலு விழுது, காய் இல்லை.

அப்போதுதான் சின்னையன் வந்தான். வரப்பில் ஏறவில்லை, தடத்திலேயே நின்றான். இந்த நாலு வருசத்தில் அவனும் கிழவனாகியிருந்தான்.

"அண்ணா."

சென்னியப்பன் செடியைக் கீழே போட்டான்.

"கல்லு அங்கதான் இருந்துது. எனக்குத் தெரியும். சொல்லோணும்னுதான் வந்தேன் அன்னிக்கு. வக்கீலு பக்கத்துல நின்னுட்டாரு. மூணு பொட்டப் புள்ளைங்க மொகந்தான் கண்ணு முன்னால வந்து நின்னுது."

"செரி."

"என்னத் திட்டுங்க அண்ணா. ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க."

"எனக்கு அதுக்குத் தெம்பில்ல, சின்னையா."

சின்னையன் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதான். சென்னியப்பனுக்குக் கோபம் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. அவன் அழுவதை, யாரோ தூரத்து ஊர்க்காரன் அழுவதைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு செவலையை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

வைகாசியில் அவர்கள் புறப்பட்டார்கள். பழனாத்தாளின் தங்கை ஏலப்பாறையில் தேயிலை எஸ்டேட்டில் இருந்தாள். கங்காணியிடம் சொல்லி இருவருக்கும் வேலை வாங்கி வைத்திருந்தாள். மூன்று ஏக்கருக்குச் சொந்தக்காரன் ஐம்பது வயதில் கூலியாகப் பேர் பதிந்து, தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியேறினான். மழையும் குளிரும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது.

கேஸ் எழுபத்தொன்பதில் முடிந்தது. கொல்லங்கோட்டிலிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. சின்னையன் பக்கம் தீர்ப்பாயிற்று, கிணற்றையும் சேர்த்து. ஆனால் நாலு ஏக்கர் உண்ணியை வெட்டி வேரெடுக்க அவனிடம் ஆளும் இல்லை, மாடும் இல்லை. மலையடிவாரம் வரை ஒரே புதர், எந்த நிலம் யாருடையது என்று தெரியாது. சென்னியப்பனின் மூன்று ஏக்கரும் அதற்குள்தான் எங்கோ இருக்கிறது. மொய்து ராவுத்தர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வெளியே வருவதில்லை.

"அண்ணன் வந்தா கெணத்த எழுதிக் குடுத்தர்றேன்னு சின்னையன் சொல்லி அனுப்பிச்சான்" என்றார் வந்தவர்.

அவர் போனபின் பழனாத்தாள் அடுப்பை ஊதிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"ஒரு நடை போயிப் பாத்துட்டு வரலாமுங்களா?"

சென்னியப்பன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். இருமல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

"என்னத்தப் பாக்க?" என்றான்.