ஒரே துண்டில் ஒரு முன்பல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. செங்கல்பட்டில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில், பாதி முகம் மரத்துப்போய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது அதுவாக வந்து விழுந்தது. எழுத்தாளன் ஒருவனிடம் குறுக்கீடு இல்லாமல் ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டுமென்றால், அவனுக்கு ரூட் கெனால் செய்துகொண்டே சொல்வதுதான் ஒரே வழி.

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறி நான் அங்கே போனது கடைவாய்ப் பல் வலிக்காக மட்டும் அல்ல. என் சிறுகதைத் தொகுப்பின் பின்னட்டைக்குப் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்தது. (எழுபது பேரிடம் போகப்போகிற புத்தகம். அதில் அறுபது பேருக்கு நானே கையில் திணிக்க வேண்டும்.) அப்படியே முன்பல்லையும் “போட்டோவுக்கு நல்லா இருக்கிற மாதிரி” மாற்ற முடியுமா என்று டாக்டர் சங்கரியிடம் கேட்டேன். அவர் என் பல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை.

“போட்டோவுக்கா? வாயத் திறங்க. ஒரு போட்டோ கதை சொல்றேன்.”

மூன்று சிட்டிங்கிலும் சொன்னார். பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவர் பெயர் உட்பட.*

* நேரில் ‘அவர்’, கதைக்குள் ‘அவள்’. தமிழ்க் கதைக்காரர்களின் பழக்கதோஷம், மன்னிக்கவும். ஜெயந்த் என்று ஒருவர் வருவார், அவரை ‘அவன்’ என்றுதான் எழுதுவேன். அது பழக்கதோஷம் அல்ல, விருப்பம்.

2

தொடக்கங்கள்:

மாமல்லபுரத்து அலைகள் காலங்காலமாகக் கல்லிடம் சொல்லிவந்த ரகசியத்தை அன்று சங்கரி—

(வேண்டாம். அலை யாரிடமும் ரகசியம் சொல்வதில்லை. இப்படித் தொடங்குகிறவன் அந்தக் கடற்கரையில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தவன்.)

புன்னகை என்பது இதயத்தின்—

(பட்டிமன்றம்.)

சரி, நேராகவே போகிறேன். 2001இல் சங்கரிக்கு முப்பத்து மூன்று வயது. செங்கல்பட்டில் மாடிப்படியேறிப் போகும் சின்ன கிளினிக். வாரத்தில் இரண்டு நாள் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பாடமும் எடுத்தாள். அவளுக்கு ஒரு கோடு பிடிக்காமல் போயிற்று. பட்டணத்தில் முன்பல் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் சிரித்தால், ஈறோரத்தில் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு சாம்பல் கோடு தெரியும். பல் வெள்ளையாக இருக்கும், வரிசையாக இருக்கும். ஆனால் அது பல் இல்லை என்று அந்தக் கோடு ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கும்.

காரணம் எளிது. அப்போது பெரும்பாலும் போட்டுவந்த செயற்கைப் பல் இரண்டு துண்டு. எலும்புக்குள் இறங்கும் டைட்டானியத் திருகு ஒன்று; அதன் தலையில் பூட்டும் தண்டு ஒன்று; தண்டின் மேல் பல்வடிவ ‘கேப்’. திருகும் தண்டும் சேருமிடத்தில் முடியைவிட மெல்லிய இடுக்கு. அங்கே கிருமி குடியேறும். எலும்பு கரையும், ஈறு இறங்கும், உலோகம் எட்டிப் பார்க்கும்.

இரண்டையும் ஒரே துண்டாகச் செய்தால்? இடுக்கே இருக்காது. உலகத்தில் வேறு சிலரும் இதை யோசித்திருந்தார்கள்; அவள் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்த வாய்களை வைத்து யோசித்தாள். ஈறு படும் இடத்தில் தண்டைச் சற்று உள்வாங்கி ஒடுக்கினாள், சதை அங்கே தடித்து வந்து உட்காரட்டும் என்று. வரைந்த தாளை எடுத்துக்கொண்டு கல்பாக்கம் பக்கம் புதுப்பட்டினத்தில் லேத் வைத்திருந்த சீனுவிடம் போனாள். முப்பது வருஷம் இரும்பையும் எஃகையும் கடைந்து ஓய்வு பெற்றவர்.

“இன்னாம்மா இது, ஆணியா?”

“பல்லுண்ணே.”

“பல்லுக்கு இடுப்பு இன்னாத்துக்கு?”

“ஈறு வந்து உக்கார்றதுக்கு.”

“அத்த சொல்லும்மா மொதல்ல. மோதரம் மாட்ற மாதிரி.”

நாற்பத்தொரு உருப்படியைக் குப்பையில் போட்டார்கள். கறிக்கடையிலிருந்து ஆட்டுத் தாடை வாங்கிவந்து திருகிப் பார்த்தார்கள். சாம்பல் நிறத்துக்கு வழி சொன்னதும் சீனுதான். டைட்டானியத்தைக் கரைசலில் முக்கி மின்சாரம் செலுத்தினால் சாயமே இல்லாமல் அதன் மேற்பரப்பு பொன்னிறமாகும். “தங்க கலரு ஏறிக்கீது பாரு. ஈறுக்குள்ள வெச்சா கருப்படிக்காது.” அடிக்கவில்லை.

அந்தப் பல்லுக்கு இரண்டு கெட்ட குணம் உண்டு. சாய்வு ஒருமுறை தவறினால் தவறியதுதான், பிறகு திருத்த முடியாது. இன்னொன்று, முதல் நாளிலிருந்தே தண்டு வாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எலும்பு அதைப் பற்ற மூன்று மாதமாவது ஆகும். அதுவரை அதன் மேல் எதுவும் இடிக்கக் கூடாது. சங்கரி இதைத் தன் நோட்டில் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

3

ஜெயந்த் வருகிறான்.

இவனைச் சந்தேகிக்கிறேன். வாசகர் ஒருவரை வெறுக்க வைப்பதற்கென்றே செய்த பொம்மைபோல் இருக்கிறான். ஏதாவது நல்ல குணம் கொடுக்கலாமென்று மூன்றாவது சிட்டிங்கில், மரத்த நாக்கோடு, “அவருட்ட நல்லது எதுவுமே...?” என்று குழறினேன். சங்கரி நெடுநேரம் யோசித்தார். “கை சுத்தம்,” என்றார். “அடிக்கடி சோப்பு போட்டுக் கழுவுவான்.” எழுதிக்கொண்டேன்.

அவளுடைய கல்லூரித் தோழன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு முன்னால், ஒரு சொகுசு விடுதியை ஒட்டிப் பளிங்கு கிளினிக் கட்டியிருந்தான். வெளிநாட்டுக்காரர் ஏழு நாள் வந்து தங்கலாம். காலையில் சிற்பம், மாலையில் பல். கிளினிக்கின் பெயரை எழுத மாட்டேன். அதில் ‘ஸ்’ இரண்டு முறை வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

சங்கரியின் பல்லைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் பேசி ஐந்து பேருக்கு வைத்துப் பார்க்க அனுமதி வாங்கினான். நிபந்தனை அதேதான்: மூன்று மாதம் கழித்துத்தான் கேப். முதல் ஆளையும் அவனே கொண்டுவந்தான். அவனுடைய வரவேற்பாளர், சியாமளா.

திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் இருபத்தாறு வயதுப் பெண். சின்ன வயதில் கைபம்பின் பிடி திமிறி மேல் முன்பல்லில் அடித்திருந்தது. பல் செத்துக் கறுத்துவிட்டது. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். குரலுக்காக அவளை வேலைக்கு எடுத்த ஜெயந்த், கறுத்த பல்லுக்காக உயரமான மேசைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தான். இலவசமாகப் பல் என்று முதலாளி சொன்னால் வேண்டாமென்று சொல்லவா முடியும்? அவளுக்கு வேண்டியும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

4

2003 ஆகஸ்ட். திங்கட்கிழமை சங்கரி தன் கையால் கறுத்த பல்லை எடுத்துவிட்டு, அந்தக் குழியிலேயே திருகை இறக்கினாள். சாய்வு கச்சிதம். வெள்ளிக்கிழமை கிளினிக்கின் முறையான திறப்பு விழா.

இந்த இடத்தை முதலில் இப்படி எழுதினேன்:

வெள்ளி காலை, சங்கரிக்குத் தெரியாமல் ஜெயந்த் சியாமளாவை உள்ளே அழைத்துப்போய் அந்தத் தண்டின் மேல் கேப்பை ஒட்டினான். சேதி தெரிந்து ஓடிவந்த சங்கரி பதறிப்போய்—

நன்றாக இருக்கிறது இல்லையா? ஒருவன் அயோக்கியன், ஒருத்தி உத்தமி. எழுதி முடித்துக் காப்பி குடித்துவிட்டு வந்து படித்தேன். அடித்துவிட்டேன். சங்கரி எனக்கு அப்படிச் சொல்லவில்லை. சொன்னது இதுதான்.

அவள் அந்த அறையிலேயே இருந்தாள்.

“ஜெயந்த், வேணாம். நாலு நாள்தான் ஆகுது.”

“ஒரு மணி நேரம்தான் சங்கரி. ரெண்டு போட்டோ. அப்புறம் கழட்டிடலாம். நீ எப்பவுமே ஓவரா யோசிக்கிற.”

ஒட்டினான். விளக்கைத் திருப்பினான். சங்கரி குனிந்து பார்த்தாள். ஈறு அந்த ஒடுங்கிய இடுப்பைச் சுற்றி அமைந்து, சாம்பல் கோடு இல்லாமல், பொய் இல்லாமல், பக்கத்துப் பல்லின் உடன்பிறப்புபோல் நின்றது. இரண்டு வருஷம் தாளிலும் ஆட்டுத் தாடையிலும் பார்த்ததை முதன்முறையாக ஒரு மனுஷியின் முகத்தில் பார்த்தாள். சியாமளா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அழகா இருக்கு,” என்றாள் சங்கரி.

வெளியே போட்டோக்காரர் காத்திருந்தார். சும்மா சிரித்தால் போதாதாம்; விளம்பரத்துக்கு ஆப்பிளைக் கடிக்க வேண்டுமாம். ஸ்டிக்கர் ஒட்டிய பெரிய சிவப்பு ஆப்பிள்கள். “கடிம்மா. இன்னும் அழுத்தி. பல்லு தெரியணும்.” ஏழு ஆப்பிள். ஒவ்வொரு கடியும் இன்னும் ஒட்டாத எலும்பில் இறங்கியது. சங்கரி விருந்தினர்களோடு நின்று பழரசம் குடித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை கேப்பைக் கழற்ற முயன்றபோது திருகும் சேர்ந்து அசைவதுபோல் இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் பல் ஆடியது.

5

ஆடிய பல்லை எடுத்தாக வேண்டும். எடுத்தபின் அங்கே ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் கிளினிக்கின் பெயரில் இருந்த இரண்டு ‘ஸ்’ஸும் விசிலாகப் போயின. ஒரு வாரம் போனில் விசிலடித்த பிறகு ஜெயந்த் சியாமளாவைப் பின்னறைக்கு மாற்றினான், கருவிகளைக் கழுவி வேகவைக்க. சாலையோர விளம்பரப் பலகையில் இருபதடி உயரத்தில் அவள் ஆப்பிளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு இடுக்கி கழுவினாள். (இதற்கு நான் உவமை எதுவும் சேர்க்கவில்லை. ஜெயந்தே போதும்.)

பல்லை எடுத்தது சங்கரி, செங்கல்பட்டில். எடுத்து முடித்து, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, “மன்னிச்சிடு சியாமளா” என்றாள். சியாமளா பஞ்சை வெளியே எடுத்தாள்.

“கடிக்கச் சொல்லும்போது எனக்கு பயமாத்தான் இருந்துச்சு டாக்டர். ஆனா நீங்க அழகா இருக்குன்னு சொன்னீங்க. டாக்டரே சொல்லிட்டாங்களே, தாங்கும்னு நெனச்சுதான் கடிச்சேன்.”

பஞ்சைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள்.



நவம்பரில், மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் அரங்கில் பல் மருத்துவர்கள் கூட்டம். ஜெயந்த் சியாமளாவின் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, ஒரே துண்டு வடிவமைப்பின் குறைபாடுகள் என்று இருபது நிமிடம் பேசினான். ஆப்பிள் பேச்சில் வரவில்லை. சங்கரி எழுந்தாள்.

“வடிவமைப்புல குறை இல்ல. நாலாம் நாள் கேப் ஒட்டி ஆப்பிள் கடிக்க வெச்சது டாக்டர் ஜெயந்த். பக்கத்துல நின்னு அழகா இருக்குன்னு சொன்னது நான். ரெண்டையும் குறிச்சுக்கங்க.”

அரங்கம் கொந்தளித்தது என்று எழுத ஆசைதான். ஒருவர் இருமினார். ஜெயந்த், “சங்கரி கொஞ்சம் எமோஷனலா இருக்காங்க” என்றான். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “டீ பிரேக்” என்றார். எல்லாரும் எழுந்து போய் சமோசா தின்றார்கள்.

அவள் அதையே எழுத்திலும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினாள். அனுமதி நிறுத்தப்பட்டது. நிபந்தனை மீறலுக்குத் துணைபோனவர் என்று கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலையும் போயிற்று. ஜெயந்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவன் அதைக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படித்திருப்பான். ஐந்து மாதம் கழித்துக் குழு மறுபடி கூடியது. முதல் நோயாளி சம்மதித்தால், சங்கரியே முழுப் பொறுப்பேற்றால், அவருக்கு மட்டும் இன்னொரு முறை வைக்கலாம் என்றது.

சியாமளாவிடம் போய்க் கேட்க சங்கரிக்குத் துணிவில்லை. கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை, ஒரு வாரத்தில் சியாமளாவே படியேறி வந்தாள்.

“வைங்க டாக்டர். ஆனா இந்த வாட்டி கேப்ப நான் எப்ப சொல்றேனோ அப்பதான் வைக்கணும். போட்டோ கூடாது. உங்க நோட்டுக்குக்கூட கூடாது.”

“போட்டோ இல்லன்னா இது சரியா வந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் காட்ட முடியாது சியாமளா.”

“ஆமா,” என்றாள் சியாமளா.

6

2004 மே மாதம் சீனு புதிதாகக் கடைந்து கொடுத்த திருகு இறங்கியது. மூன்று மாதம் முடிந்தது. சியாமளா வாய் திறக்கவில்லை. நான்கு, ஐந்து. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை வந்து, “இன்னிக்கு வைங்க” என்றாள்.

முடிவுகள்:

அ. ஜெயந்த் வந்து மன்னிப்புக் கேட்கிறான். (கேட்கவில்லை. எழுதினால் பொய்.)

ஆ. சங்கரியின் பல் உலகப் புகழ் பெறுகிறது. (ஒரே ஒரு வாயில் இருக்கிறது. படம் கிடையாது. நல்ல பல்லின் லட்சணமே அதை யாரும் கவனிக்காததுதான். புகழுக்கு அது உதவாது.)

இ. நண்பர் ஒருவர் சொன்னது: “அந்த டிசம்பர்லதானே கடல் வந்துச்சு? கிளினிக்கைத் தூக்கிட்டுப் போகட்டுமே.” நண்பரே, சனம் செத்த தண்ணீரை அள்ளி என் வில்லன் மேல் ஊற்ற மாட்டேன். கிளினிக் சாலைக்கு மேற்கே இருந்தது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

ஆக, நடந்தது மட்டும். கேப் பொருந்தியது. சங்கரி ஒன்றும் சொல்லாமல் கைக்கண்ணாடியை நீட்டினாள். சியாமளா வெகுநேரம் பார்த்தாள். உதட்டை மேலே தூக்கி ஈறைப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, “டாக்டர், ஒரு போன் பண்ணிக்கட்டுமா?” என்றாள்.

எண்ணை மனப்பாடமாகச் சுழற்றினாள். ஒரு வருஷத்துக்கு முன்பு வரை அவளே எடுத்துப் பேசிய எண். “டாக்டர் ஜெயந்த் இருக்காரா? நான் சியாமளா பேசறேன்.” மறுமுனையில் இணைப்பு மாறுவதற்குள் சங்கரி எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இது சங்கரியின் பக்கம் நின்று சொல்லப்படும் கதை. சங்கரி கதவுக்கு வெளியே நிற்கிறாள். ஆகவே நானும் வெளியேதான் நிற்கிறேன். கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஓடியது. பிறகு சியாமளா வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, “வரேன் டாக்டர்” என்று படியிறங்கிப் போனாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் அந்தக் கிளினிக்குக்கு வேலைக்குப் போகவில்லை என்பது தெரியும். மறு வாரம் சாலையோரத்து ஆப்பிள் படத்தை இரண்டு ஆட்கள் ஏணி போட்டு இறக்கினார்கள் என்பதும் தெரியும். நடுவில் அவள் என்ன சொன்னாள் என்பது தெரியாது. சங்கரி கேட்டதில்லை. நானும் இட்டுக்கட்ட மாட்டேன்.

அந்த நான்கு நிமிடம் உங்களுடையது. எதை வேண்டுமானாலும் பேச வையுங்கள். ஆனால் அவளை அழ மட்டும் வைக்காதீர்கள். உங்களுக்குக் கை அரிக்கும், எனக்குத் தெரியும், எனக்கும் அரித்தது.