இளைத்துப் போன அவரைச் செடி

வேலை முடிந்து வந்த கொத்தனார் இன்னும் கால் கழுவக்கூட இல்லை. மகள் குட்டி, தன் அவரைச் செடியைக் கொண்டுவந்து மூக்குக்கு நேராக நீட்டினாள்.

பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பிய தொல்லை அது. பிளாஸ்டிக் டம்ளரில் விதை போட்டு வளர்க்க வேண்டும். தினமும் அளந்து, சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம் என்று அட்டையில் பச்சை அடிக்க வேண்டும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு இவ்வளவு வேலை என்றால், பெற்றவனுக்கு அதில் இரண்டு பங்கு.

இடுப்பிலிருந்த டேப்பை எடுத்து இழுத்துப் பிடித்தார். "எட்டு. பச்சையை அடிச்சிட்டு ஆளை விடு."

குட்டி அசையவில்லை. "நேத்து பதினேழுப்பா."

அட்டையைப் பார்த்தார். படிப்படியாக ஏறிய கட்டங்கள் நேற்று மட்டும் மாடிக் கட்டடம் மாதிரி நின்றன. நேற்று அவர் வர நேரமாகிவிட்டது, அளந்தது மனைவி.

"ஏம்மா, பத்தைக் கழிச்சியா?"

"எந்தப் பத்தை?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"டேப்போட முனை ஒடிஞ்சு எத்தனை மாசமாச்சு! பத்துலதான் ஆரம்பிக்குது. கழிச்சுத்தானே சொல்லணும்?"

"தலையில்லாத டேப்பை வச்சு ஊருக்கு வீடு கட்டுவீங்க, தப்பு மட்டும் என்னுதா? புதுசு ஒண்ணு வாங்கினா குடி முழுகிடுமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் சளசளவென்று சத்தம். குட்டி ஒரு சொம்புத் தண்ணீரைச் செடி தலையில் கவிழ்த்துவிட்டாள்.

"செடிக்கு உடம்பு சரியில்லப்பா. இளைச்சுடுச்சு."

"ஐயோ, மூழ்கடிச்சே கொன்னுடுவ போலிருக்கே!"

டம்ளரைப் பிடுங்கி, அடியில் ஆணியால் குத்தினார். சேற்றுத் தண்ணீர் மடியெல்லாம் வழிந்தது. மண் கரைந்து செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்த்தினால் மறுபக்கம் சாய்ந்தது.

"எத்தனை தூண் நிறுத்தியிருக்கேன், இந்தக் குச்சி நிக்க மாட்டேங்குது!"

குட்டியின் உதடு பிதுங்கியது. "செத்துடுச்சாப்பா?"

கொத்தனாருக்குக் கோபம் பாதியில் இறங்கிவிட்டது. "சாகலைம்மா. இளைக்கவும் இல்லை. அளந்தவங்கதான் தப்பா அளந்துட்டாங்க."

"யாரு?"

"உங்கம்மா," என்றார் அவர்.

"உங்கப்பா," என்றது அடுப்படி.

குட்டி இருவரையும் நம்பவில்லை. நேற்றைய கட்டங்களைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, டேப்பைத் தள்ளி வைத்தாள். தண்டின் அடியில் தன் சுண்டுவிரலைப் படுக்கவைத்து, மேலே மேலே நகர்த்தி எண்ணினாள்.

கொத்தனார் இரண்டு விரலால் செடியைத் தாங்கிக்கொண்டு குந்தியிருந்தார். பசி வயிற்றைக் கிள்ளியது.

"ஆட்டாதப்பா," என்றாள் அவள். "மறுபடி முதல்லேருந்து எண்ணணும்."