லெர்மாவின் மகன்

தனுசியாவுக்கு அடுத்த நாள் ஜிம்னாசியம் என்ற டேனிஷ் உயர்தரப் பள்ளியில் வரலாற்று வாய்மொழிப் பரீட்சை. அவளுக்குக் கிடைத்த தலைப்பு, ஸ்பெயின் மன்னன் மூன்றாம் பிலிப்பின் அமைச்சர் லெர்மா. ஆனால் அப்பாவோடு சில்க்போர்க்கிலிருந்து கோல்டிங் நகருக்குக் காரில் போகும்போது அவள் மனதை அரித்தது பரீட்சை அல்ல.

முந்தின நாள் அண்ணன் கஜதீபன் ஓகூஸ் நகரிலிருந்து தொலைபேசி எடுத்திருந்தான். கோல்டிங்கில் நடக்கும் இன்றைய தமிழ்ச் சங்கப் பொதுக்கூட்டத்தில் அவன் செயலாளர் பதவிக்குப் போட்டியிடுகிறானாம். இளையவர்கள் எல்லோரும் அவன் பக்கமாம். "அப்பாவுக்கு மூச்சுக் காட்டாதை" என்றான். அவள் பிறக்க முதலே செயலாளர் அப்பாதான். அவளும் யோசிக்காமல் சரியென்று சொல்லிவிட்டாள். இனி ஊர்ச் சனத்துக்கு முன்னால் அப்பா தன் மகனிடமே தோற்கப்போகிறார்.

"பாடமாக்கினதைச் சொல்லன், கேப்பம்," என்றார் காரோட்டிக்கொண்டிருந்த அப்பா பாலேந்திரா.

"பிலிப்புக்கு வேட்டையும் கும்பிடுறதும்தான் விருப்பம். நாட்டைப் பாத்தது லெர்மா. தலைநகரத்தையே மட்ரிட்டில இருந்து வேற ஊருக்கு மாத்திப்போட்டு, பிறகு திருப்பிக் கொண்டுவந்தவர். லெர்மான்ர கையெழுத்தை என்ர கையெழுத்தா எடுங்கோ எண்டு ராசாவே கட்டளை போட்டவர்."

"எங்கட சீவரத்தினம் அண்ணை மாதிரி," அப்பா சிரித்தார்.

சீவரத்தினம் சங்கத் தலைவர். குத்துவிளக்கு ஏற்றுவார், மாலை வாங்குவார். மற்ற எதற்கும் 'பாலேந்திராவைக் கேளுங்கோ' என்பார்.

"லெர்மா தன்ர சொந்தக்காரரையும் பதவியில வைச்சவரோ?"

"கனபேரை."

"அப்ப நான் அவ்வளவு மோசமில்லை. பிறகு?"

"பிறகு விழுந்திட்டார்."

"ஆர் விழுத்தினது?"

தனுசியா தன் நகங்களைப் பார்த்தாள். "அவரின்ர மகன்."

பாலேந்திரா ஒரு லொறியை முந்திப் போய்ப் பழைய வரிசைக்கு வந்தார்.

"கஜன் நேற்று உனக்கு எடுத்தவனோ?"

"ஓம்."

"என்ன கதைச்சவன்?"

"சொல்லமாட்டன் எண்டு சொல்லியிருக்கிறன், அப்பா."

"அப்ப சொல்லாதை." வீதியைப் பார்த்தபடியே, "லெர்மா என்ன செய்தவர்?" என்றார்.

"விழப்போறது தெரிஞ்சு, பாப்பரசரிட்டைக் கேட்டு முதலே திருச்சபையில கர்தினால் ஆயிட்டார். கர்தினாலில லேசில கை வைக்கேலாது."

"கெட்டிக்காரன்தான்."

மண்டபத்தில் கஜதீபன் நண்பர்களோடு பின்வரிசையில் இருந்தான். அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினான், எழுந்து வரவில்லை. செயலாளர் தெரிவு வந்ததும் அவனுடைய நண்பன் சிந்துஜன் அவனை முன்மொழியக் கையை உயர்த்தினான். அதற்குள் பாலேந்திரா எழுந்துவிட்டார்.

"செயலாளர் பதவிக்கு என்ர மகன் கஜதீபனை முன்மொழியிறன்."

சிந்துஜனின் கை பாதியில் நின்றது. அதை வேறு எதற்கும் பயன்படுத்த வழியில்லாமல், "நான் வழிமொழியிறன்" என்றான். வேறு எவரும் போட்டியிடவில்லை.

சீவரத்தினத்துக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. "அப்ப பாலேந்திராவைப் போஷகராப் போடுவம்," என்றார். பதவியிலிருந்து இறங்கியவர்களைச் சங்கம் வழமையாகப் போஷகர் ஆக்கும். அவர்களுக்கு முன்வரிசையில் ஒரு கதிரையும் ஆண்டுவிழாவில் ஒரு மாலையும் உண்டு.

தனுசியா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாலையைப் போட்டு மூலையில இருத்துற வேலை வேண்டாம் அண்ணை," என்றார் பாலேந்திரா. "நான் இனிச் சும்மா உறுப்பினர். கேள்வி கேக்கவும் ஆக்கள் வேணும்."

சனம் சிரித்தது. கஜதீபன் சிரிக்கவில்லை. மேடைக்குப் போகும் வழியில் தங்கையிடம் குனிந்து, "நீ சொன்னனியோ?" என்று டேனிஷில் கேட்டான்.

"இல்லை. லெர்மாவைப் பற்றித்தான் கதைச்சனான்."

"அது ஆர்?"

அவள் வாய் திறக்கமுன் சீவரத்தினம் அவனைக் கூப்பிட்டார். அவன் மேடையேறி, செயலாளரின் கதிரையில் அமர்ந்தான். மற்றவர்களோடு இருந்து பழக்கமில்லாத பாலேந்திராவுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு கையை உயர்த்தினார்.

"செயலாளரிட்டை ஒரு கேள்வி. நவராத்திரிக்கு மண்டபம் எடுத்தாச்சோ?"

"அது நீங்கள்தானே அப்பா..."

"நான் உறுப்பினர்," என்றார் பாலேந்திரா.

சனம் முழுவதும் கஜதீபனைப் பார்த்தது.